போர்ப் படத்துக்கு இப்படித் துள்ளுகிற இசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கிலப் போர்ப் படங்களின் ஆர்க்கெஸ்ட்ரா இசை என்றால் எனக்கு உயிர். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக பேண்டில் சேர்ந்து நான்கு வருடம் யூஃபோனியம் என்ற பித்தளைக் கருவியை ஊதினேன். அப்போது தொற்றிக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், கூட வேலை செய்கிறவர்கள், அக்கா பிள்ளைகள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் 1963இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தை வைத்தே பேசுவேன், நடுவில் வேறு சில படங்களும் வரும்.

மனிதர்கள் சாகிற கதைக்கு எதற்கு இவ்வளவு உற்சாகமான இசை? உறுத்தவில்லையா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

'தி கிரேட் எஸ்கேப்' உண்மையில் நடந்த சம்பவத்தை வைத்து எடுத்த படம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நேச நாட்டு விமானப் படையினர், இன்றைய போலந்தில் இருக்கும் சாகான் என்ற ஊருக்குப் பக்கத்து முகாமிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். 1944 மார்ச் 24ஆம் தேதி இரவு. சுரங்கம் கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம், தரைக்குக் கீழே 9 மீட்டர் ஆழம். 76 பேர் வெளியே வந்தார்கள், 73 பேர் மறுபடி பிடிபட்டார்கள், அவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவின்படி சுட்டுக் கொன்றார்கள். கடைசிவரை தப்பியது மூன்றே பேர்.

இந்தக் கதைக்கு எல்மர் பெர்ன்ஸ்டீன் போட்டது, கேட்டதும் கால் தானாகத் தாளம் போடுகிற ஒரு அணிவகுப்பு மெட்டு. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் உறுத்தியது. இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் அந்த மெட்டு யாருடையது என்று பிடிபட்டது. அது அந்தக் கைதிகளின் மெட்டு. முள்வேலிக்குள் அடைத்தும் அடங்காமல், மண்ணைக் கால்சட்டைக்குள் பை கட்டி ஒளித்துக் கொண்டுபோய்த் தோட்டத்தில் கொட்டி, கட்டில் பலகைகளை உருவிச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுத்து, காவலாளி திரும்பினால் ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்கிற மனிதர்களின் மிடுக்கு அது. அவர்களுக்குத் தங்கள் முடிவு தெரியாது. நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்ததுபோல் ஆரம்பத்திலிருந்தே சோக வயலின் போட்டால், அவர்களை உயிரோடு இருக்கும்போதே பிணமாக்கிவிடுவோம். பெர்ன்ஸ்டீன் அப்படிச் செய்யவில்லை. இரண்டரை மணி நேரம் அவர்கள் கூடவே நம்மை நடக்க வைக்கிறார். கூட நடந்து பழகிவிட்டதால்தான், வயல்வெளியில் லாரியை நிறுத்திக் "கொஞ்சம் இறங்கி நடங்கள்" என்று சொல்கிற அந்த இடம் அப்படி வலிக்கிறது.

இன்னொரு உதாரணமும் சொல்ல வேண்டும். 1977இல் வந்த 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' படத்துக்கு ஜான் அடிசன் இசையமைத்தார். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் நேச நாட்டுப் படைகள் தோற்றுப்போன ஒரு பெரிய நடவடிக்கை பற்றிய படம். அதற்கும் மிடுக்கான அணிவகுப்பு இசைதான். அடிசனே அந்த நடவடிக்கையில் இருந்தவர். அங்கே போய் வந்தவர், முப்பத்து மூன்று வருடம் கழித்து அதற்கு இசை எழுத உட்கார்ந்து, புறப்பட்ட நாளின் நம்பிக்கையை எழுதியிருக்கிறார். அவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு, நாம் உறுத்தல்படத் தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆர்க்கெஸ்ட்ரா பற்றி ஒன்றுமே தெரியாது. எனக்குப் புரியுமா?

புரியும். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடுகிறதே, அதற்கு நாம் எங்கேயும் படித்துவிட்டு வரவில்லை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தோராயமாகத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொண்டு போவார், ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டே வருவார், பின்னால் ஒருவர் சுருதியை விடாமல் நிற்பார். ஆர்க்கெஸ்ட்ராவில் அந்த மூன்று வேலைக்கும் எழுபது, எண்பது பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். தேசிய சேவையில் ராணுவப் பயிற்சி செய்தவர்களுக்கு இன்னும் சுலபம். அணிவகுப்பு மெட்டு என்றால் இடது, வலது, இடது, வலது. உங்கள் காலுக்கு அது மறக்கவே மறக்காது.

அந்த 'கிரேட் எஸ்கேப்' மெட்டில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

படத்தின் தலைப்பு ஓடும் முதல் சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் வண்டிகள் வரிசையாகக் கைதிகளை ஏற்றிக்கொண்டு புது முகாமுக்குப் போகின்றன. திரையில் பார்த்தால் சந்தோஷப்பட ஒன்றுமே இல்லை.

முதலில் டிரம்மைக் கேளுங்கள். பக்கவாட்டு டிரம், பேண்டில் இடுப்பில் தொங்கவிட்டு அடிப்போமே, அதுதான். கீழ்த்தோலில் கம்பிகள் உரசுவதால் ஒவ்வொரு அடியும் மணலைக் கொட்டியதுபோல் சரசரவென்று விழும். ராணுவம் என்று சொல்ல இந்த ஒரு சத்தம் போதும். அடுத்து டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியைத் தேடுங்கள். அடியில் 'ஊம்-பா, ஊம்-பா' என்று போய்க்கொண்டிருக்கும், கைப்பேசி ஸ்பீக்கரில் இது காதிலேயே விழாது. பெரிய உடம்புக்காரர் ஒருவர் மெத்து மெத்தென்று நடப்பதுபோல் இருக்கும் அந்தத் தாளத்தில்தான் அந்த மெட்டின் குறும்பு முழுவதும் இருக்கிறது. அதே மெட்டை இறுக்கமான ராணுவ பேண்ட் நடையில் வாசித்திருந்தால் கட்டளை மாதிரி ஒலித்திருக்கும். இங்கே யாரோ கையைப் பையில் விட்டுக்கொண்டு, அதிகாரியின் கண்ணில் படாமல், சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் ஒலிக்கிறது.

நீண்ட ஸ்வரம் எதுவும் இல்லாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் மெட்டு. யார் வேண்டுமானாலும் சீட்டியடிக்கலாம். உலகக் கிண்ணக் காற்பந்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது இங்கிலாந்து ரசிகர்களின் பேண்ட் திரும்பத் திரும்ப ஊதிவந்த மெட்டு இதுதான். படமே பார்க்காத என் அக்கா மகனுக்கு இது அப்படித்தான் தெரியும்.

மெட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி வரும்போது வயலின்கள் மேலே எங்கே போகின்றன என்று பாருங்கள். கீழே குறும்பு நடை அப்படியே ஓடிக்கொண்டிருக்க, மேலே அகலமாக, நீளமாக ஒரு இழை விரியும். கீழே இருப்பது இன்றைய வேலை, மேலே இருப்பது வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற வானம். எனக்கு அப்படித்தான் தோன்றும், ஒவ்வொரு தடவையும்.

அப்புறம், படம் முழுக்க இந்த மெட்டின் துண்டுகள் வேறு வேறு வேகத்தில், வேறு வேறு கருவியில் வந்து போகும். ஒரு காட்சியில் முழு மெட்டு வரும், இன்னொன்றில் நான்கே ஸ்வரம் தலைகாட்டிவிட்டு மறையும். எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிக்கொண்டே பார்ப்பது தனிச் சுகம். கள்ள அடையாளச் சீட்டு எழுதி எழுதிக் கண் பார்வையை இழக்கும் பிளைத் என்ற மனிதருக்கு மட்டும் பெர்ன்ஸ்டீன் மெதுவான, இதமான இசையைக் கொடுத்திருக்கிறார். அந்த வேடத்தில் நடித்த டொனால்ட் பிளசன்ஸ் போரில் உண்மையிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மன் முகாமில் கைதியாக இருந்தவர். அது தெரிந்தபின் அந்தக் காட்சிகளை முன்பு பார்த்ததுபோல் என்னால் பார்க்க முடியவில்லை.

சயாம் மரண ரயிலில் நம் ஆட்கள் அத்தனை பேர் செத்திருக்கிறார்கள். 'குவாய் நதிப் பாலம்' சீட்டி மெட்டை ஒரு தமிழர் ரசிக்கலாமா?

இதை என்னிடம் கேட்டது என் பெரியம்மா. அவருடைய தாய்மாமன் ஜொகூர் ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அதனால் இந்தப் பதிலை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் இசையைப் பற்றி. 1957இல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் பிரிட்டிஷ் கைதிகள் கிழிந்த பூட்ஸோடு முகாமுக்குள் சீட்டியடித்தபடி அணிவகுத்து வருவார்கள். அந்த மெட்டு 'கர்னல் போகி'. 1914இல் கென்னத் ஆல்ஃபர்ட் என்ற பெயரில் ஒரு ராணுவ பேண்ட் மாஸ்டர் எழுதிய பழைய அணிவகுப்பு. போர்க்காலத்தில் சிப்பாய்கள் அந்த மெட்டுக்கு ஹிட்லரைக் கேலி செய்து பச்சையான வரிகள் கட்டியிருந்தார்கள். திரையில் பாட முடியாத வரிகள். சீட்டி மட்டும் அடித்தால் போதும், தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். படத்துக்கு இசையமைத்த மால்கம் ஆர்னால்ட் அதோடு விடாமல், அதே தாளத்தில் அந்த மெட்டின் மேலேயே பொருந்துகிற இன்னொரு அணிவகுப்பை எழுதினார். இரண்டு மெட்டும் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்றையொன்று இடிக்காது. ஆர்னால்ட் லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவில் முதன்மை டிரம்பெட் வாசித்தவர், பித்தளைக் கருவிகளை எங்கே அவிழ்த்துவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த இசைக்கு ஆஸ்கார் கிடைத்தது.

இனி மற்றது. சயாம் மரண ரயில் என்பது போர்க்காலத்தில் ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட ரயில் பாதை. தாய்லாந்தின் (அன்றைய சயாம்) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். சிங்கப்பூரின் சாங்கியில் அடைபட்டிருந்த நேச நாட்டுக் கைதிகள் ஆயிரக்கணக்கில் இங்கிருந்துதான் ரயிலேற்றப்பட்டார்கள். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தது ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலரா, மலேரியா, பட்டினி, அடி. கைதிகளுக்காவது கூட மருத்துவர்களும் அதிகாரிகளும் பெயர்ப் பட்டியலும் இருந்தன. நம் ஆட்களுக்கு அதுவும் கிடையாது, பாதி பேருக்குக் கல்லறைகூட இல்லை. அந்தப் படத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. பாலம், முகாம், அந்தப் பிரிட்டிஷ் கர்னல் எல்லாமே கதைக்காகக் கட்டியவை, படப்பிடிப்பு நடந்தது இலங்கையில்.

ரசிக்கலாமா என்றால், நான் ரசிக்கிறேன். தெரிந்தே ரசிக்கிறேன். அந்தச் சீட்டி கிழிந்த பூட்ஸ் போட்டவனின் மானம், அதை நான் ஏன் வெறுக்க வேண்டும்? என் கோபம் அந்தத் திரையில் இடம் கிடைக்காமல் போனதைப் பற்றியது. படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுப் பெரியம்மாவின் மாமனைப் பற்றியும் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். பெரியம்மாவே சொல்வார், அவர் இருக்கும்வரை அந்தக் கதையை வேறு யாரும் சொல்வதில்லை.

அணிவகுப்பு இசை வெள்ளைக்காரர்களுடையது, நமக்கு ஒட்டாது என்கிறார்களே?

1943 ஜூலையில் சிங்கப்பூரின் பாடாங் திடலில் நேதாஜி முன்னால் இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்து நின்றது. அதில் தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார்கள். அந்த ராணுவத்தின் நடைப்பாட்டு 'கதம் கதம் படாயே ஜா', ராம் சிங் தாக்கூரி மெட்டமைத்தது, இந்திய ராணுவம் இன்றும் அதற்கு நடை போடுகிறது. வரிகள் இந்தியில் இருந்தாலும் நம் தாத்தா பாட்டிகள் அதை நெஞ்சில் வைத்திருந்தார்கள். ஆகவே ஒட்டாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

விமானச் சண்டைப் படங்களின் இசை வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?

காலாள் நடக்கிறான், விமானம் பறக்கிறது. நடைக்கு இரண்டு எண்ணிக்கை போதும். பறக்கிறதற்கு உருண்டு வருகிற தாளம் வேண்டும். 1964இல் வந்த '633 ஸ்குவாட்ரன்' படத்துக்கு ரான் குட்வின் எழுதிய மெட்டைக் கேளுங்கள், ஆறு எண்ணிக்கையில் சுழன்று சுழன்று ஏறும். விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள், 'தகிட தகிட' என்று விழும். ஹார்ன்களும் டிரம்பெட்டும் அதன் மேல் தாவும். வயிற்றுக்குள் ஏதோ தூக்குவதுபோல் இருக்கும், விமானம் தரையைவிட்டு எழும்பும்போது இருக்குமே, அதே உணர்ச்சி.

குட்வின் பற்றிப் பேசினால் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969) கதையைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் படத்துக்கு முதலில் இசை எழுதியவர் சர் வில்லியம் வால்டன், பிரிட்டனின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். எழுதி, பதிவும் செய்து முடித்த பிறகு, ஒரு இசைத்தட்டை நிரப்பும் அளவுக்கு நீளம் போதாது என்று அதைத் தூக்கிவிட்டுக் குட்வினிடம் கொடுத்தார்கள். நடிகர் லாரன்ஸ் ஒலிவியே, வால்டன் இசை கொஞ்சமாவது இல்லையென்றால் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நின்றார். அதனால் வால்டனின் ஒரே ஒரு பகுதி படத்தில் தப்பியது.

அந்த ஒரு பகுதி என்ன என்று கேளுங்கள். வானத்தில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது துப்பாக்கிச் சத்தம், எஞ்சின் சத்தம், ரேடியோவில் கத்தல் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். விமானங்கள் எரிந்து விழும், சத்தமே வராது. ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் ஓடும். வேகமான, கூர்மையான, மின்னல் மின்னலாகச் சிதறுகிற இசை. அதை நான் முதலில் நூலகத்தில் ஹெட்ஃபோனில் கேட்டேன், கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அழகாகவும் பயங்கரமாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதை எனக்குக் காட்டிய இடம் அது.

அதே படத்தில் குட்வின் எழுதிய மிகத் துள்ளலான அணிவகுப்பு எதிரிக்கு உரியது. தொடக்கத்தில் ஜெர்மன் விமானப் படையின் அதிகாரி பிரான்சில் வரிசையாக நிற்கும் குண்டுவீச்சு விமானங்களைப் பார்வையிடும்போது அந்த மெட்டு வரும். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஜெயித்துக்கொண்டிருக்கிற ராணுவம் அப்படித்தானே ஒலிக்கும்? பிறகு படம் போகப் போக அந்தச் சந்தோஷம் எப்படித் தேய்கிறது என்று பாருங்கள். இன்று பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளே அந்த மெட்டை வாசிக்கின்றன.

இப்போது வருகிற போர்ப் படங்களில் இப்படி மெட்டே இல்லையே?

காலம் மாறிவிட்டது. 'டன்கர்க்' (2017) படத்தில் ஹான்ஸ் ஸிம்மர் கடிகார டிக் டிக் சத்தத்தையும், முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே போவதுபோல் காதை ஏமாற்றும் ஒரு ஒலி வித்தையையும் வைத்தே பதற வைத்தார். அது அந்தப் படத்துக்குச் சரி. படம் முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது முணுமுணுக்க ஒன்றும் கிடைக்காது, எனக்கு அது ஒரு குறைதான். கடைசியில் ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் பழைய மெட்டு ஒன்றை மிக மெதுவாக இழுத்துக் கொண்டுவருவார், கண்ணில் தண்ணீர் வருகிற இடம் அதுதான். அங்கேயும் வேலை செய்வது மெட்டு.

தமிழ்ப் படங்களில் இதுபோல உண்டா?

'தளபதி' (1991) படத்தில் வரும் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' பாட்டைக் காதல் பாட்டு என்று கேட்டுப் பழகிவிட்டோம். நடுவில் வரும் கருவி இசையை மட்டும் ஒரு தடவை தனியாகக் கேளுங்கள். வீரன் போருக்குப் போகிறான், வயலின் கூட்டம் குதிரை மாதிரி பாய்கிறது, பித்தளைக் கருவிகள் மோதுகின்றன. மும்பையில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து இளையராஜா பதிவு செய்தது. காதலும் போரும் ஒரே பாட்டுக்குள் இடம் மாறி மாறி உட்காருகிற அந்த இடத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதே இளையராஜா 'ஹே ராம்' (2000) படத்துக்கு ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தார். போர்ப் படம் கிடையாது, ஆனால் கலவரக் காட்சிகளில் ஆர்க்கெஸ்ட்ரா என்ன செய்ய முடியும் என்பதை நம் மொழியிலேயே கேட்கலாம்.

படம் பார்க்காமல் இசையை மட்டும் கேட்டால் போதுமா?

முதலில் படம், பிறகு இசை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். படத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டால், பிறகு தனியாகக் கேட்கும்போது அந்த முகங்கள் எல்லாம் கூடவே வரும். 'தி கிரேட் எஸ்கேப்' 172 நிமிடம். வார இறுதியில் இரண்டு உட்காரலாகப் பார்த்தாலும் தப்பில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கூடத் தாராளமாக உட்காரலாம், ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

எதில் கேட்பது? கைப்பேசி போதாதா?

போதாது. மேலே சொன்ன டியூபா அதில் செத்துப்போகும். வீவக அடுக்குமாடி வீட்டில் ராத்திரி ஸ்பீக்கரைத் திறந்துவிட முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். காதை மூடுகிற மாதிரி ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமானதாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள், முதல் தடவையாவது. ஒரு தடவை டிரம்மை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை அடியில் இருக்கும் கருவிகளை, மூன்றாவது தடவை வயலினை. மூன்று நிமிட மெட்டுதானே, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் இதை நேரில் கேட்க முடியுமா?

முடியும். 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா எஸ்பிளனேட் அரங்கிலும் விக்டோரியா அரங்கிலும் வாசிக்கிறது, திரைப்பட இசைக்கென்றே நிகழ்ச்சிகளும் நடத்துகிறது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பூமலை என்ற தாவரவியல் பூங்காவில் ஏரிக்கு நடுவில் இருக்கும் மேடையில் இலவச இசை நிகழ்ச்சிகள் நடக்கும், பாய், வடை, தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் அருமையாகப் போகும். இசை பற்றிய புத்தகங்கள் பொது நூலகங்களில் கிடைக்கும்.

ஆனால் நான் அதிகம் சிபாரிசு செய்வது பள்ளி பேண்டுகளின் வருடாந்தர நிகழ்ச்சிகளை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் முகம் சிவக்க ஊதி இந்த மெட்டுகளை வாசிப்பார்கள். நடுவில் ஒரு ஹார்ன் பிசிறும், யாரோ ஒரு தாளம் முந்துவார்கள், பரவாயில்லை. நாங்கள் பேண்டில் முதன்முதலாக 'கிரேட் எஸ்கேப்' வாசித்த அன்று என் யூஃபோனியத்துக்கு மெட்டு இருந்தது நான்கே நான்கு வரிதான், மற்றதெல்லாம் 'ஊம்-பா'வின் பாதி. அந்த நான்கு வரி வந்தபோது பின்வரிசையிலிருந்து அப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததை விளக்கு வெளிச்சத்துக்கு நடுவிலும் பார்த்தேன்.

எனக்கு நேரமே இல்லை. ஒரே ஒரு இடம் கேட்க வேண்டும் என்றால் எது?

'தி கிரேட் எஸ்கேப்' படத்தின் கடைசி இரண்டு நிமிடம். தப்பியோடி, மோட்டார் சைக்கிளில் வேலி தாண்டி, முள்கம்பியில் சிக்கிப் பிடிபட்ட ஹில்ட்ஸ் என்ற கைதியை மறுபடி முகாமுக்குக் கொண்டுவந்து தனிச் சிறையில் தள்ளுவார்கள். போகிற வழியில் கூட்டாளி ஒருவர் பேஸ்பால் கையுறையையும் பந்தையும் அவரிடம் தூக்கிப் போடுவார். கதவு சாத்தப்படும். காவலாளி திரும்பி நடப்பார். உள்ளே சுவரில் பந்து மோதித் திரும்புகிற சத்தம் கேட்கும், டொக், டொக், டொக், ஒரே சீரான தாளத்தில். காவலாளி நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி நடப்பார். சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ஐம்பது பேருக்கு இந்தப் படம் சமர்ப்பணம் என்று எழுத்து வரும். முதல் காட்சியில் கேட்ட அதே அணிவகுப்பு, அதே டியூபா, அதே குறும்போடு முழு ஆர்க்கெஸ்ட்ராவிலும் எழும்பும்.